ஒரே கிருமியா, வேறு கிருமியா?

(மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களை வகைபிரிக்கும் ஆய்வுகூட முறைகள் பற்றி யாழ்ப்பாணத்தில் பொதுமக்களுக்காக நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு வைத்தியசாலையின் சிசு பராமரிப்பு விடுதியில் ஒரே கிழமைக்குள் மூன்று குழந்தைகளின் இரத்தத்தில் ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸ் வளர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் மெதிசிலின் வகை மருந்துகளுக்கு அடங்காதவை. எம்.ஆர்.எஸ்.ஏ. என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்லும் கிருமி. பொறுப்பு வைத்தியரின் முன்னால் அப்போது நிற்கும் கேள்வி ஒன்றுதான். ஒரு குழந்தையிடமிருந்து மற்றதற்குப் போனதா, அல்லது மூன்றும் தனித்தனியே வெளியிலிருந்து வந்தனவா? உள்ளுக்குள் பரவியது என்றால் யாரோ ஒருவருடைய கையையோ ஒரு கருவியையோ தேடவேண்டும். தேவைப்பட்டால் விடுதியையே மூடவேண்டும். தனித்தனியே வந்தவை என்றால் விடுதியை மூடிப் பயனில்லை. தாய்மாரையும் வீடுகளையும்தான் பார்க்கவேண்டும்.

ஆய்வுகூட அறிக்கை மூன்றுக்கும் ஒரே பெயரைத்தான் எழுதும். பெயர் ஒன்று என்பதால் கிருமி ஒன்றாகிவிடாது. எங்கள் ஊர்களில் முன்பு மாட்டுக்குக் குறிசுடுவார்கள். பயிருக்குள் இறங்கியது மாடு என்று தெரிந்தால் மட்டும் வழக்குத் தீராது. குறியைப் பார்த்தால்தான் யாருடைய மாடு என்று தெரியும். இனப்பெயர் சொல்வது மாடு என்பதை மட்டும். வகைபிரித்தல் குறியைத் தேடும் வேலை.

அந்தக் குறியைத் தேடும் முறைகளில் எதை எவ்வளவு நம்பலாம் என்பதே இன்றைய பேச்சு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிக நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும் முறைதான் மிக நல்ல முறை என்று எங்கள் துறையில் ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. என்ன கேட்கிறோம் என்பதைச் சொல்லாமல் எந்த முறையையும் மதிப்பிட முடியாது.

மதிப்பிடுவதற்கென்று சில அளவுகோல்கள் உண்டு. கையில் கிடைக்கும் எல்லாக் கிருமிகளுக்கும் அந்த முறை ஒரு வகையைச் சொல்லவேண்டும். இன்று செய்தாலும் அடுத்த மாதம் செய்தாலும், யாழ்ப்பாணத்தில் செய்தாலும் கொழும்பில் செய்தாலும் ஒரே விடை வரவேண்டும். தொடர்பில்லாதவற்றைப் பிரிக்கவேண்டும், தொடர்புள்ளவற்றைப் பிரிக்கக்கூடாது. இந்தக் கடைசிச் சொல்லைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பிரிக்கும் திறனுக்கு ஓர் எண் இருக்கிறது. 1988இல் ஹன்ரர், காஸ்ரன் என்ற இருவர் அதைச் சூழலியலிலிருந்து எடுத்துக் கிருமியியலுக்குள் கொண்டுவந்தார்கள். தொடர்பில்லாத கிருமிகளின் தொகுப்பு ஒன்றிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு இரண்டை எடுத்தால், அவை இரண்டும் வேறு வேறு வகையாக அமைவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பதே அந்த எண். ஒரு கணக்குப் பார்ப்போம். 100 கிருமிகளில் 50 ஒரே வகையில் விழுகின்றன. மீதி 50உம் ஆளுக்கொரு வகை. ஐம்பத்தொரு வகைகள் என்றால் கேட்பதற்குப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அந்த எண் 0.75 மட்டுமே. 0.95க்கு மேல் இருந்தால்தான் நம்பலாம் என்பது பொதுவான அறிவுரை. எத்தனை வகை என்ற எண்ணிக்கையைவிட, பெரிய வகை எவ்வளவு பெரியது என்பதே முக்கியம். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 100 கிருமிகளும் ஒரே விடுதியில் ஒரே மாதத்தில் எடுத்தவை என்றால் இந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. அங்கே ஒரே கிருமி பரவியிருந்தால் எந்த முறையும் குறைந்த எண்ணைத்தான் காட்டும். பிழை முறையில் இல்லை, தொகுப்பில். ஆய்வுக் கட்டுரைகளை வாசிக்கும் மாணவர்கள் முடிவைப் பார்ப்பதற்கு முன் கிருமிகள் எங்கிருந்து வந்தன என்ற பந்தியைப் பாருங்கள்.

இனி முறைகளுக்கு வருவோம். முதலாவது, எந்த ஆய்வுகூடத்திலும் நாளாந்தம் நடப்பது. வளர்ப்பூடகத் தட்டில் கிருமியைப் பூசி, மருந்து தோய்ந்த சிறு வட்டங்களை வைத்து, அடுத்த நாள் அவற்றைச் சுற்றிக் கிருமி வளராத வெளியை அளப்பது. 1966இல் பவர், கேர்பி ஆகியோரும் தோழர்களும் ஒழுங்குபடுத்திய முறை இது. எம்.ஆர்.எஸ்.ஏ.யைக் கண்டுபிடிக்க 30 மைக்குரோகிராம் செஃபொக்சிற்றின் வட்டத்தை வைப்பார்கள். வெளியின் விட்டம் 21 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைவு என்றால் எதிர்ப்புள்ளது. 22 அல்லது அதற்கு மேல் என்றால் அடங்கும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு மருந்துகளுக்குக் கிடைக்கும் விடைகளைச் சேர்த்துப் பார்த்தால் கிருமிக்கு ஒரு முகம் கிடைக்கிறது. செலவில்லை, எப்படியும் செய்கிற சோதனைதான். ஆனால் ஒரு வகைபிரிப்பு முறையாக இதை அதிகம் நம்பக்கூடாது. எதிர்ப்பைத் தரும் பரம்பரையலகுகள் பல பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையங்களில் இருக்கின்றன. கிருமி அவற்றை வாங்கும், இழக்கும், பக்கத்திலிருக்கும் வேறு இனத்துக்கும் கொடுக்கும். ஒரே கிருமி இரண்டு கிழமையில் இரண்டு முகம் காட்டலாம். ஒரே மருந்துகள் எல்லாருக்கும் பாவிக்கப்படும் ஓர் ஊரில் தொடர்பில்லாத கிருமிகளும் ஒரே முகத்துக்கு வந்துவிடும்.

இருந்தும் இதைக் கைவிடச் சொல்லமாட்டேன். பெரும்பாலும் அறிக்கையில் அடங்கும், அடங்காது என்ற இரண்டு சொற்களில் ஒன்றைத்தான் எழுதுகிறோம். அளந்த மில்லிமீற்றர் குப்பைக்குள் போகிறது. அந்த எண்ணைப் பதிந்துவைத்தால் அந்த ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருந்த வேறுபாடுகள் வெளிவரும். அதற்காக ஹூநெற் என்ற கணினி மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. புதிய கருவி ஒன்றும் வேண்டாம். அடிமட்டத்தைப் பார்த்து வாசித்ததை எழுதவேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது பேஜ் வகைபிரிப்பு. பேஜ் என்பது பற்றீரியாவைத் தாக்கும் வைரசு. எந்தெந்த பேஜ் எந்தக் கிருமியை உடைக்கிறது என்ற பட்டியல்தான் அடையாளம். நெருப்புக்காய்ச்சல் கிருமிக்கு 1938இலேயே கனடாவில் கிரேகியும் யென்னும் இதைச் செய்துவிட்டார்கள். 1950களில் சிசு விடுதிகளை ஆட்டிப்படைத்த, பெனிசிலினுக்கு அடங்காத 80/81 என்ற ஸ்ரபிலோகொக்கஸ் அந்தப் பெயரைப் பெற்றது இந்த முறையால்தான். பேஜ்களைக் குன்றாமல் பேணுவது பெரிய தொல்லை. அதனால் உலகில் ஒருசில நிலையங்களே இதைச் செய்துவந்தன. இன்று கிட்டத்தட்ட மறைந்துவிட்டது.

ஆனால் அது விட்டுப்போன ஒரு பாடம் எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1972இல் கேரளத்துக் கோழிக்கோட்டில் குளோரம்பெனிகோலுக்கு அடங்காத நெருப்புக்காய்ச்சல் பரவியது. அந்த நாளில் நெருப்புக்காய்ச்சலுக்கு அதுவே கைகண்ட மருந்து. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியின் பணிக்கரும் விமலாவும், இந்த எதிர்ப்பு ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடியது என்று காட்டினார்கள். அதே ஆண்டு மெக்சிக்கோவிலும் அதே மருந்துக்கு அடங்காத நெருப்புக்காய்ச்சல் பல்லாயிரம் பேரைப் பிடித்தது. மெக்சிக்கோக் கிருமிதான் கேரளத்துக்கு வந்ததா? பேஜ் வகையைப் பார்த்தார்கள், வேறு வேறு. ஆகவே ஒன்று மற்றொன்றிலிருந்து வரவில்லை. அதோடு நின்றிருந்தால் தொடர்பே இல்லை என்று கோவையை மூடியிருப்பார்கள். ஆனால் உள்ளே இருந்த பிளாஸ்மிட்டைப் பார்த்தபோது இரண்டும் ஒரே குடும்பம். கிருமி பயணம் செய்யவில்லை. எதிர்ப்பு பயணம் செய்திருந்தது.

இதே கதையை 38 ஆண்டுகளின் பின் சென்னை இன்னும் தெளிவாகச் சொன்னது. நான் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புவது இதைத்தான்.

2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் பிரித்தானியாவின் திமோதி வோல்ஷ் முதலானோரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பொருள், என்.டி.எம்-1 என்ற நொதியம். கடைசிக் கையிருப்பாக நாங்கள் வைத்திருக்கும் கார்பபீனெம் மருந்துகளையும் அது சிதைத்துவிடும். பெயரில் புதுடில்லி இருந்ததால் இந்தியாவில் எழுந்த சத்தம் பலருக்கு ஞாபகமிருக்கும். அந்தச் சத்தத்தில் கட்டுரையின் மிக நல்ல பகுதி யாருடைய காதிலும் விழவில்லை. அவர்கள் இந்த நொதியம் உள்ள கிருமிகளைச் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரித்தானியாவில் 37, இந்தியா, பாகிஸ்தானின் மற்ற இடங்களில் 73 என்று சேர்த்தார்கள். பிறகு வகைபிரித்தார்கள்.

பாவித்த முறை துடிப்புப்புல ஜெல் மின்னியக்கம். 1984இல் ஸ்வார்ட்ஸும் கன்ரரும் கண்டுபிடித்தது. கிருமியின் முழு டி.என்.ஏ.யையும் அரிதாக வெட்டும் ஒரு நொதியத்தால் பத்து இருபது பெரிய துண்டுகளாக்கி, திசை மாறி மாறி வரும் மின்புலத்தில் ஓடவிட்டால், ஜெல்லில் கோடுகளாக விழும். கோடுகளின் வரிசை ஒன்றானால் கிருமி ஒன்று. ஹரியானாவில் கிடைத்த கிளெப்சியெல்லா என்ற இனக் கிருமிகள் எல்லாம் ஒரே வம்சம் என்று தெரிந்தது. சென்னையிலும் பிரித்தானியாவிலும் கிடைத்தவை பல வம்சங்கள். அதோடு விடவில்லை. பிளாஸ்மிட் தாவுகிறதா என்றும் சோதித்தார்கள். சென்னையிலும் பிரித்தானியாவிலும் கிடைத்தவற்றில் இலகுவாகத் தாவியது. ஹரியானாவில் தாவவில்லை.

ஒரே நொதியம், ஒரே மருந்து எதிர்ப்பு. ஆனால் ஒரு வைத்தியர் செய்யவேண்டிய வேலை இரண்டு இடத்திலும் ஒன்றல்ல. ஹரியானாவில் ஒரு கிருமி கைமாறிப் பரவியிருக்கிறது: கை கழுவுதல், நோயாளியைத் தனிமைப்படுத்துதல், கருவிகளைச் சுத்திகரித்தல். சென்னையில் பல கிருமிகளுக்குள் பிளாஸ்மிட் ஓடித்திரிகிறது: விடுதியைக் கழுவினால் மட்டும் போதாது, மருந்துப் பாவனையையும் கழிவுநீரையும் பார்க்கவேண்டும். வம்சத்தை மட்டும் பார்த்திருந்தால் சென்னையில் தொடர்பு எதுவும் இல்லை என்ற தவறான நிம்மதி கிடைத்திருக்கும். நொதியத்தை மட்டும் பார்த்திருந்தால் இரண்டு ஊரும் ஒன்றாகத் தெரிந்திருக்கும். வகைபிரிப்பு முறையை மதிப்பிடுவது என்றால் என்ன என்று என்னைக் கேட்பவர்களுக்கு இந்தக் கட்டுரையைத்தான் காட்டுவேன்.

அந்த ஜெல் முறைக்கும் குறையுண்டு. செய்து முடிக்க நாட்கள் போகும். கோடுகளை வாசிப்பதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு வரும். அமெரிக்காவில் 1996இல் பல்ஸ்நெற் என்ற வலையமைப்பைத் தொடங்கி, எல்லா ஆய்வுகூடமும் ஒரே செய்முறையைப் பின்பற்றவேண்டும் என்று கட்டுப்படுத்திய பிறகுதான் ஓர் ஊர்ப் படத்தை மற்ற ஊர்ப் படத்தோடு ஒப்பிட முடிந்தது. 1995இல் ரெனோவரும் குழுவினரும் தந்த வாசிப்பு விதிகள் ஒரு சிறு பரவலில் கிடைத்த ஒருசில கிருமிகளுக்கானவை. பல ஆண்டுத் தொகுப்புகளுக்கு அவற்றைப் பூட்டி முடிவு சொன்ன கட்டுரைகள் ஏராளம்.

கோடு வாசிக்கும் தொல்லைக்கு விடையாக 1998இல் வந்தது பல்லிட வரிசை வகைபிரிப்பு. கிருமியின் ஏழு அடிப்படைப் பரம்பரையலகுகளின் எழுத்துவரிசையை வாசித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் கொடுப்பார்கள். எழுத்து எந்த ஊரிலும் எழுத்துதான். எம்.ஆர்.எஸ்.ஏ.யின் உலக வம்சங்களை நாங்கள் இன்று இலக்கம் சொல்லிப் பேசுவது இதனால்தான். ஆனால் இதையே நெருப்புக்காய்ச்சல் கிருமிக்குப் பிரயோகித்தால்? உலகத்துக் கிருமிகள் கிட்டத்தட்ட எல்லாம் இரண்டே இரண்டு இலக்கங்களில் விழுந்துவிடும். அந்தக் கிருமி அவ்வளவு ஒரே மாதிரியானது. ஒரு கிருமிக்கு மிக நல்ல முறை இன்னொன்றுக்கு ஒன்றுக்கும் உதவாது.

இப்போது முழுமரபணு வாசிப்பு. ஸ்ரபிலோகொக்கஸில் ஏறத்தாழ 28 இலட்சம் எழுத்துகள், நெருப்புக்காய்ச்சல் கிருமியில் 48 இலட்சம். எல்லாவற்றையும் வாசித்து எத்தனை எழுத்து மாறியிருக்கிறது என்று எண்ணலாம். கேம்பிரிட்ஜ் ரோசி வைத்தியசாலையின் சிசு விடுதியில் 2011இல் ஆறு மாதத்தில் 12 குழந்தைகளிடம் எம்.ஆர்.எஸ்.ஏ. கண்டார்கள். வழமையான முறைகளால் அது ஒரே தொடர்தானா என்று உறுதிசெய்ய முடியவில்லை. மரபணுவை வாசித்தபோது 26 பேர் ஒரே தொடரில் வந்தார்கள். குழந்தைகளோடு தாய்மாரும், ஊரில் இருந்தவர்களும். விடுதியை அடியோடு சுத்தம் செய்து, 64 நாட்கள் புதிதாக ஒருவருமில்லாமல் இருந்து, மீண்டும் ஒரு குழந்தை. ஊழியர் 154 பேரைச் சோதித்ததில் ஒருவரிடம் அந்தக் கிருமி இருந்தது. முன்னே நான் கேட்ட கேள்விக்கு இவ்வளவு துல்லியமான விடையை வேறு எந்த முறையும் தந்ததில்லை.

அதற்காக இதுவே முடிந்த முடிவு என்று நினைக்கவேண்டாம். எம்.ஆர்.எஸ்.ஏ.யில் ஆண்டுக்குப் பத்துக்குச் சற்றுக் குறைவான எழுத்துகள் மாறுகின்றன. நெருப்புக்காய்ச்சல் கிருமியில் அதைவிட மிகக் குறைவு. சில கிழமைக்குள் நடந்த பரவலில் ஓர் எழுத்துக்கூட மாறாமல் இருக்கலாம். அப்போது மரபணு அமைதியாக இருந்துவிடும். யார் எந்தக் கடையில் சாப்பிட்டார், எந்தக் கிணற்றில் குடித்தார் என்று வீடு வீடாகப் போய்க் கேட்கிற பொதுச்சுகாதாரப் பரிசோதகரின் குறிப்புப் புத்தகம்தான் பேசும். அந்தப் புத்தகம் இல்லாமல் எந்தக் கருவியும் வழக்கைத் தீர்க்காது.

எங்கள் குடாநாட்டுக்கு வருகிறேன். நிலத்தடியில் சுண்ணாம்புக்கல், வருடம் முழுவதும் ஓடும் ஆறில்லை, குடிப்பது கிணற்று நீர், கிணற்றுக்குப் பக்கத்திலேயே மலக்குழி. தொற்றுநோயியல் பிரிவின் பட்டியல்களில் நெருப்புக்காய்ச்சலுக்கு யாழ்ப்பாண மாவட்டம் பல ஆண்டுகள் மேலிடத்தில் நின்றதில் வியப்பில்லை. எம்.ஆர்.எஸ்.ஏ.யை எடுத்துக்கொண்டால், 2004 முதல் 2006 வரை ஆசிய நாடுகளின் வைத்தியசாலைகளில் நடந்த ஒரு கூட்டாய்வில், வைத்தியசாலைத் தொற்றாக வந்த ஸ்ரபிலோகொக்கஸில் எம்.ஆர்.எஸ்.ஏ.யின் பங்கு இலங்கையில் 86.5 வீதம். சேர்ந்திருந்த நாடுகளில் அதுவே ஆகக்கூடியது. பங்குபற்றிய வைத்தியசாலைகளின் எண்தான் அது. முழு நாட்டையும் அளந்ததல்ல. ஆனாலும் தூங்கவிடாத எண்.

இப்படிப்பட்ட இடத்தில் எந்த முறை வேண்டும் என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது. வகைபிரிப்பதற்குக் கிருமி கையில் இருக்கிறதா? காய்ச்சல் வந்தால் முதலில் பார்மசியில் அன்ரிபயோற்றிக் வாங்கி இரண்டு நாள் விழுங்கிவிட்டுத்தான் பலர் வைத்தியரிடம் வருகிறார்கள். அதன் பிறகு எடுக்கும் இரத்தத்தில் கிருமி வளராது. வளர்ப்புச் சோதனைக்குப் பதிலாக வைடால் சோதனையைச் செய்துவிட்டு நெருப்புக்காய்ச்சல் என்று எழுதுவதும் நடக்கிறது. வைடால் பார்ப்பது உடம்பு உண்டாக்கிய பிறபொருளெதிரியை. அதில் கிருமி இல்லை. கிருமி இல்லாவிட்டால் எந்த மருந்துக்கு அடங்கும் என்றும் தெரியாது, எந்த வம்சம் என்றும் தெரியாது. வளர்ந்த கிருமியையும் அறிக்கை எழுதியவுடன் கொன்று எறிந்துவிடுகிறோம். யுத்த காலத்தில் இதற்குக் காரணம் இருந்தது. 1990க்குப் பிறகு பல ஆண்டுகள் குடாநாட்டுக்குத் தேசிய மின்வலையமைப்பிலிருந்து மின்சாரமே இல்லை. பாதை மூடிய காலங்களில் ஒரு குப்பியைக் கொழும்புக்கு அனுப்புவதே பெரும்பாடு. அந்த ஆண்டுகளின் கிருமிகளைப் பற்றி இனி எந்தக் கருவியாலும் எதையும் சொல்ல முடியாது. இன்றைக்கு அந்தச் சாட்டு இல்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. போதனா வைத்தியசாலையும் மருத்துவபீடமும் பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளும் சேர்ந்து, இரத்தத்தில் வளரும் ஒவ்வொரு கிருமியையும் திகதியோடும் இடத்தோடும் சேமிக்கவேண்டும். மறை 80 பாகை உறைகுளிரூட்டி இருந்தால் நல்லது. மின்வெட்டுக்குப் பயமென்றால், நெருப்புக்காய்ச்சல் கிருமியும் அதன் உறவினங்களும் மூடி முத்திரையிட்ட முட்டை ஊடகத்தில் இருட்டுக்குள் அறை வெப்பத்திலேயே ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். காலப்போக்கில் சில பிளாஸ்மிட்களை இழக்கலாம். அதையும் அறிந்தே வைக்கவேண்டும். மில்லிமீற்றரை எழுதவேண்டும். எதிர்ப்பைத் தரும் முக்கியமான சில பரம்பரையலகுகளை பி.சி.ஆர். மூலம் இங்கேயே பார்க்கவேண்டும். விடுதியில் சந்தேகம் எழும்போது மட்டும், தெரிந்தெடுத்த ஒருசிலவற்றை மரபணு வாசிப்புக்கு வெளியே அனுப்பினால் போதும். சேமிப்பில் இருக்கும் கிருமியை ஐந்து வருடத்தின் பின் இன்னும் நல்ல முறையில் வாசிக்கலாம்.

கடைசியாக, வெளிநாடுகளில் இருக்கும் எங்கள் உறவுகளுக்கு ஒரு விண்ணப்பம். பழைய மாணவர் சங்கங்களாகவும் தனி ஆட்களாகவும் நீங்கள் எங்கள் வைத்தியசாலைகளுக்குச் செய்துவரும் உதவி பெரியது. கையடக்கமான மரபணு வாசிப்புக் கருவிகள் இப்போது வந்திருக்கின்றன. யாராவது ஒருவர் அடுத்த முறை அதை வாங்கித் தர முன்வருவீர்கள். வாங்க முன்னர், அதற்கு வேண்டிய இரசாயனப் பொருட்களை அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு யார் வாங்குவது, குளிர் கெடாமல் யார் கொண்டுவருவது, வந்த விடையை வாசிக்க யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். மூன்றுக்கும் விடை கிடைக்காவிட்டால் அந்தப் பணத்தில் ஓர் உறைகுளிரூட்டியும் அதற்கொரு மின்பிறப்பாக்கியும் இரண்டு ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளருக்குப் பயிற்சியும் கொடுங்கள்.